புதுப் பயனருக்குச் செய்திக்குழுச் சந்தா: ஷெல் ஸ்கிரிப்ட் வழி

யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து யூஸ்நெட் படிப்பவரின் ஹோம் டைரக்டரியில் நியூஸ்ஆர்சி என்று ஒரு கோப்பு இருக்கும். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த கோப்பு என்பதால் சாதாரணப் பட்டியலில் கண்ணில் படாது. அவர் எந்தெந்தச் செய்திக்குழுக்களுக்குச் சந்தாதாரர், ஒவ்வொன்றிலும் எந்தெந்த மடல்களைப் படித்து முடித்துவிட்டார் என்ற இரண்டு விவரங்களும் அதில்தான் எழுதப்படுகின்றன. பலர் கணக்கு வைத்திருக்கும் ஒரு கணினியை நீங்கள் நிர்வகிக்கிறீர்கள் என்றால், புதிதாக வருபவர் வெறுங்கையோடு தொடங்காமல் உருப்படியான சில குழுக்களோடு தொடங்கட்டும் என்று நினைப்பீர்கள். அந்தச் சந்தாக்களை ஷெல் ஸ்கிரிப்ட் மூலம் அமைத்துத் தருவதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

பட்டியல் ஒன்றை எடுத்து அந்தக் கோப்பின் வாலில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். இரண்டு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வரி ஸ்கிரிப்ட், ஏற்கெனவே கோப்பு வைத்திருக்கும் ஒருவர் மீது ஓடினால், அவர் பல ஆண்டுகளாகப் படித்து வைத்த குறிகள் குலைந்துபோகும். நூலகத்தில் ஒருவர் தன் புத்தகங்களில் அடையாளத்துக்கு வைத்த தாள்களை, ஒழுங்குபடுத்துகிறேன் என்று வந்தவர் உருவிப் போட்டதைப் போல. எனவே இந்த ஸ்கிரிப்டின் முதல் கடமை பழையதைத் தொடாமல் இருப்பது. புதியதைச் சேர்ப்பது அதற்கு அடுத்தது. கீழே வரும் நுணுக்கங்களில் முக்கால்வாசி இந்த முதல் கடமைக்காகத்தான்.

எழுதும் முறை பற்றி ஒரு சொல். கட்டளைகள், கோப்புகள், குழுக்களின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். சர்வருக்கு அனுப்பும் கட்டளைகளைப் பேரெழுத்தில் எழுதுவது வழக்கம்.

ஷெல்லில் இதைச் செய்வது பொருத்தமானதுதானா என்று தயங்க வேண்டாம். யூஸ்நெட்டே ஷெல் ஸ்கிரிப்டாகப் பிறந்தது. 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யூனிக்ஸ் கணினிகளுக்கிடையே செய்திகளைக் கைமாற்றும் யோசனையைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் சேப்பல் ஹில்லில் இருந்த நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் வடிவத்தை, யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லில் எழுதிப் பார்த்தார். மெதுவாக ஓடியதால் பிறகு ஸ்டீபன் டேனியல் அதைச் சி மொழியில் திருப்பி எழுதினார், அதுதான் ஏ-நியூஸ். நம் வேலை நாளுக்கு ஒருமுறையோ கணக்குத் திறக்கும்போதோ ஓடுவது. வேகம் ஒரு பொருட்டே இல்லை.

கோப்பின் அமைப்பு மிக எளிது. ஒரு வரிக்கு ஒரு குழு:

காம்ப்.யூனிக்ஸ்.ஷெல்: 1-48190,48193
காம்ப்.லாங்.ஆக்: 1-9120
சோக்.கல்ச்சர்.தமிழ்! 1-300

குழுவின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி இருந்தால் சந்தா உண்டு. ஆச்சரியக்குறி இருந்தால் இல்லை. அதன்பின் ஓர் இடைவெளி, பிறகு படித்து முடித்த மடல்களின் எண்கள். தொடர்ச்சியாகப் படித்தவை சிறுகோட்டால் இணைக்கப்படும். இடையில் விட்டுப்போனவை இருந்தால் காற்புள்ளியால் பிரிக்கப்படும். முதல் வரியின்படி அந்தப் பயனர் 48191, 48192 இரண்டையும் இன்னும் படிக்கவில்லை. மூன்றாவது வரியின்படி அவர் சோக்.கல்ச்சர்.தமிழ் குழுவில் 300ஆம் மடல் வரை போய்விட்டு விலகியிருக்கிறார். விலகிய பிறகும் எண்கள் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். நாளைக்குத் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம்.

ஆர்என், டிஆர்என் போன்ற நியூஸ்ரீடர்களில் குழுக்கள் இந்தக் கோப்பில் உள்ள வரிசையிலேயே திரையில் வரும். எது முதலில், எது கடைசியில் என்பதைப் பயனரே அடுக்கியிருப்பார். எனவே வரிசையும் அவருடைய சொத்து. கோப்பை அகரவரிசைப்படுத்தும் எண்ணம் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பழைய கோப்புகளில் இன்னொரு வகை வரியும் உண்டு. பி-நியூஸ் என்ற பழைய மென்பொருளின் காலத்தில் ஆப்ஷன்ஸ் என்ற சொல்லோடு தொடங்கும் அமைப்பு வரி ஒன்றை இதே கோப்பில் எழுதுவார்கள். அதிலும் ஆச்சரியக்குறி வரக்கூடும், ஆனால் அது குழு வரி அல்ல. ஆகவே குழு வரியை இனம்காண ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள்: வரியின் முதல் எழுத்திலிருந்து இடைவெளியே இல்லாத ஒரு பெயர், அதை ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி அல்லது ஆச்சரியக்குறி. இதற்குப் பொருந்தாத எந்த வரியையும் வந்தது வந்தபடியே மறுபக்கம் விட்டுவிடுங்கள்.

கோப்பின் பெயரும் எங்கும் ஒன்றல்ல. எஸ்எல்ஆர்என் என்ற நியூஸ்ரீடர் தானாக எடுத்துக்கொள்வது ஜேநியூஸ்ஆர்சி என்ற கோப்பை. வேறு கோப்பு வேண்டுமென்றால் எஃப் என்ற தெரிவால் சொல்லலாம். இன்னொரு நியூஸ்ரீடரான டின் பல சர்வர்களுக்குப் பல கோப்புகளை வைத்துக்கொள்ள ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. உங்கள் கணினியில் எந்த நியூஸ்ரீடர் புழக்கத்தில் இருக்கிறதோ அதன் கோப்பை ஸ்கிரிப்டின் தலையில் ஒரு மாறியாக வைத்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

இனி சர்வரின் பக்கம். பரிந்துரைக்கும் குழு சர்வரில் இருக்கிறதா, அதன் கடைசி மடலின் எண் என்ன என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு நகர முடியும். ஐஎன்என் போன்ற செய்தி சர்வர் அதே கணினியில் ஓடினால் ஆக்டிவ் என்ற கோப்பிலேயே எல்லாம் இருக்கிறது. வரிக்கு நான்கு சொற்கள்: குழுவின் பெயர், கடைசி மடலின் எண், கையிருப்பில் உள்ள முதல் மடலின் எண், ஒரு நிலைக்குறி. பெரிய எண் முன்னால், சிறிய எண் பின்னால் என்ற இந்த வரிசையை மனத்தில் இருத்துங்கள். குரூப் என்ற கட்டளைக்கு சர்வர் தரும் பதிலில் இது தலைகீழாக, சிறியது முன்னாலும் பெரியது பின்னாலுமாக வரும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் ஸ்கிரிப்ட் முனகாமல் ஓடும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

சர்வர் வெளியில் இருந்தால் என்என்டிபி நெறிமுறையில் கேட்டு வாங்க வேண்டும். 1986இல் முதலில் வகுக்கப்பட்டு 2006இல் திருத்தி எழுதப்பட்ட நெறிமுறை இது. சாதாரண இணைப்பு போர்ட் 119, மறையாக்க இணைப்பு போர்ட் 563. லிஸ்ட் ஆக்டிவ் என்ற கட்டளையை அனுப்பினால் 215 என்ற எண்ணோடு ஒரு பதில் வரி வரும், பிறகு குழுவுக்கு ஒன்றாக வரிகள், கடைசியில் ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள ஒரு வரி. முழுப் பட்டியலைக் கேட்டால் பெரிய சர்வர்களில் அது பல ஆயிரம் வரி நீளும். கட்டளையோடு காம்ப்.யூனிக்ஸ்.* போல ஒரு வடிவத்தையும் சேர்த்தால் வேண்டியது மட்டும் வரும். காற்புள்ளியிட்டு, இடைவெளி விடாமல், பல வடிவங்களைத் தரலாம். ஆனால் கட்டளை வரி முழுவதும் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும்.

ஐஎன்என்னோடு வரும் கெட்லிஸ்ட் என்ற நிரல் கையில் இருந்தால் இந்த உரையாடலை அதனிடம் விட்டுவிடலாம். இல்லையென்றால் நெட்கேட், அல்லது மறையாக்க இணைப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட். பிரிண்ட்எஃப் மூலம் கட்டளைகளை எழுதிக் குழாய் வழியாக அனுப்பும்போது மூன்று இடங்களில் ஸ்கிரிப்ட் இடறும்.

ஒன்று நேரம். சர்வரின் வரவேற்பு வரி வருமுன்பே கட்டளைகளைக் கொட்டுவது முறையல்ல. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் சர்வர் என்றால் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்தே ஆக வேண்டும். அடைப்புக்குள் பிரிண்ட்எஃப்களை வைத்து இடையிடையே ஸ்லீப் போட்டு ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ நிறுத்துவது அழகான வழியல்ல என்றாலும் இந்த வேலைக்குப் போதும். கடைசியிலும் ஒரு ஸ்லீப் வேண்டும். உள்ளீடு தீர்ந்ததும் இணைப்பை வெட்டிவிடும் நெட்கேட்டுகள் உண்டு.

இரண்டாவது எஸ்-கிளையன்டின் ஒரு வழக்கம். அது உரையாடல் நிலையில் இருக்கும்போது வரியின் தொடக்கத்தில் பேரெழுத்துக் க்யூ வந்தால், அதைத் தனக்கான ஆணையாக எடுத்துக்கொண்டு இணைப்பை முடித்துவிடும். நாம் அனுப்பும் குவிட் கட்டளையின் முதல் எழுத்தே அதுதான். கொயட் என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டினால் இந்தத் தொந்தரவு இல்லை.

மூன்றாவதுதான் அதிக நேரத்தை விழுங்குவது. என்என்டிபியில் ஒவ்வொரு வரியும் கேரியேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரண்டு குறிகளோடு முடிகிறது. யூனிக்ஸ் கருவிகளுக்குப் பின்னது மட்டுமே வரி முடிவு. முன்னது கண்ணுக்குத் தெரியாமல் வரியின் கடைசிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நிலைக்குறி ஒய் என்று திரையில் தெரியும், ஆனால் ஒய்யோடு ஒப்பிட்டால் பொருந்தாது. ஒற்றைப் புள்ளி வரியும் அப்படியே: தேடினால் கிடைக்காது. ஆகவே பட்டியல் கைக்கு வந்தவுடன், வேறு எதுவும் செய்யுமுன், டிஆர் கட்டளையால் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள்.

நீக்கிய பிறகு ஆக் என்ற கருவியைக் கொண்டு 215 வரிக்கும் புள்ளி வரிக்கும் இடைப்பட்டதை மட்டும் எடுக்க வேண்டும். புள்ளி வரி வந்து சேரவில்லை என்றால் பட்டியல் பாதியில் அறுந்திருக்கிறது என்று பொருள். ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றுவிட வேண்டும். பாதிப் பட்டியலை நம்பி முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட், இருக்கும் குழுவை இல்லை என்று சொல்லும். 480 என்ற பதில் வந்தால் அடையாளம் காட்டச் சொல்கிறது, 481 என்றால் காட்டிய அடையாளத்தை ஏற்கவில்லை. இவற்றையும் பயனருக்குப் புரியும் வார்த்தையில் சொல்லி நிறுத்துங்கள்.

இந்தக் கேட்டு வாங்கும் வேலையை ஒவ்வொரு பயனரின் ஸ்கிரிப்டிலும் வைக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அட்மின் கணக்கிலிருந்து கிரான் மூலம் நாளுக்கு ஒருமுறை பட்டியலை வாங்கி, எல்லாரும் படிக்கக்கூடிய ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். சர்வருக்கு வேலை குறையும். அதைவிட, பாஸ்வேர்டு ஒரே இடத்தில், வேறு யாரும் திறக்க முடியாத 600 அனுமதி உள்ள கோப்பில் இருக்கும். பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் ஒரு சொல்லாகக் கொடுத்தால் பிஎஸ் அடிக்கும் எவரும் அதைப் பார்த்துவிடலாம்.

அடுத்தது பரிந்துரைப் பட்டியல். இதைச் சிறியதாக வைத்திருங்கள். ஐம்பது குழுக்களைக் கொடுத்தால் புதியவர் எதையும் படிக்க மாட்டார். கணினிக்காரர்கள் மிகுந்த இடம் என்றால் காம்ப்.யூனிக்ஸ்.ஷெல், காம்ப்.லாங்.ஆக், காம்ப்.லாங்.சி, ஆல்ட்.ஃபோக்லோர்.கம்ப்யூட்டர்ஸ் ஆகியவை நல்ல தொடக்கம். மொத்தம் பத்தைத் தாண்ட வேண்டாம். கோப்பில் வரிக்கு ஒரு குழு, பக்கத்தில் எத்தனை பழைய மடல்களைப் படிக்க விட்டுவைப்பது என்ற எண்:

காம்ப்.யூனிக்ஸ்.ஷெல் 30
காம்ப்.லாங்.ஆக் 20

அந்த இரண்டாவது எண்தான் புதியவர் தங்குவாரா ஓடுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது. வெறும் பெயரையும் முக்காற்புள்ளியையும் மட்டும் எழுதினால், சர்வரில் கையிருப்பில் உள்ள மடல்கள் எல்லாம் படிக்காதவையாகிவிடும். எழுத்து மடல்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் சர்வர்கள் உண்டு. திறந்த முதல் நொடியில் பல்லாயிரம் படிக்காத மடல்கள் என்று திரை சொன்னால் யாருக்கும் மலைப்பு வரும். எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டாலோ வெற்றுக் குழு போலத் தெரியும். யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க ஒன்றுமிருக்காது. கடைசி இருபது, முப்பது மடல்களை மட்டும் விட்டுவைத்தால் அன்றைய பேச்சு என்னவென்று பிடிபடும். கடைசி மடலின் எண் 48220, விட்டுவைப்பது 30 என்றால், கோப்பில் எழுத வேண்டிய வரி:

காம்ப்.யூனிக்ஸ்.ஷெல்: 1-48190

கழித்து வரும் எண் ஒன்றுக்குக் கீழே போனால் எண்ணே எழுதாமல் பெயரையும் முக்காற்புள்ளியையும் மட்டும் விட்டுவிடுங்கள். இடையில் ரத்தான மடல்களின் எண்கள் வெற்றாக இருக்கும் என்பதால் முப்பது என்று வைத்தால் இருபத்தைந்து மடல் கிடைக்கலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்தக் கழித்தலை எங்கே செய்வது? ஷெல்லில் செய்யாதீர்கள். ஆக்டிவ் கோப்பில் எண்கள் பத்து இலக்கத்துக்கு முன்னால் பூச்சியம் நிரப்பி எழுதப்பட்டிருக்கும். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை ஷெல்லின் கணக்கீடு எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். 0000000123 என்பதை அது 83 என்று படிக்கும். 8 அல்லது 9 இருக்கும் எண் என்றால் பிழை சொல்லி நின்றுவிடும், அதுவாவது தெரியும். முன்னது சத்தமில்லாமல் தப்பான வரியை எழுதிவைக்கும். ஆக் இதே சரத்தைப் பத்தின் அடிமானத்திலேயே படிக்கிறது. கூட்டல் கழித்தல் எல்லாவற்றையும் அதனிடம் கொடுங்கள்.

பெயர் ஒப்பிடுவதையும் ஆக்கிடமே கொடுங்கள். கிரெப் கொண்டு காம்ப்.லாங்.சி என்று தேடினால் காம்ப்.லாங்.சி++, காம்ப்.லாங்.கிளிப்பர் எல்லாம் சேர்ந்து வரும். போதாக்குறைக்குத் தேடல் வடிவத்தில் புள்ளி என்பது எந்த எழுத்துக்கும் பொருந்தும், விரிவான வடிவத்தில் கூட்டல் குறிக்கும் தனிப் பொருள் உண்டு. ஆக்கில் பெயரை ஓர் அணியின் திறவுகோலாக வைத்தால் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் பொருந்தும்.

இப்போது ஸ்கிரிப்டின் இதயப் பகுதி. ஒரே ஆக் நிரல் நான்கு கோப்புகளை வரிசையாகப் படிக்கிறது: சர்வர் பட்டியல், முன்பு பரிந்துரைத்தவற்றின் பதிவு, பயனரின் நியூஸ்ஆர்சி, பரிந்துரைப் பட்டியல். எந்தக் கோப்பில் இருக்கிறோம் என்பதை அறிய மொத்த வரி எண்ணையும் கோப்பின் வரி எண்ணையும் ஒப்பிடும் தந்திரம் பலருக்குப் பழக்கம். இங்கே அது காலை வாரிவிடும். புதுப் பயனரின் கோப்புகள் வெற்றாக இருக்கும். வெற்றுக் கோப்பில் படிக்க வரி இல்லாததால் கட்டம் நகர்ந்ததே நிரலுக்குத் தெரியாது. கோப்புப் பெயர்களுக்கு இடையில் கட்டம்=1, கட்டம்=2 என்று மாறிக்கு மதிப்பு கொடுத்துக்கொண்டே போவதுதான் பத்திரம். மாறியின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

முதல் கட்டத்தில் ஒவ்வொரு குழுவின் கடைசி எண்ணையும் நிலைக்குறியையும் அணியில் சேர்க்க வேண்டும். நிலைக்குறி ஒய் என்றால் யாரும் எழுதலாம், எம் என்றால் மட்டறுத்துநர் பார்த்த பிறகே மடல் வெளிவரும், என் என்றால் இங்கிருந்து எழுத முடியாது, படிக்கலாம். இம்மூன்றும் நமக்கு ஆகும். எக்ஸ், ஜே என்ற குறிகள் உள்ளவற்றைத் தவிர்க்கலாம். சமக்குறியோடு இன்னொரு பெயர் இருந்தால் அந்தக் குழுவின் மடல்கள் வேறு பெயரில் சேர்கின்றன; பரிந்துரைப் பட்டியலைத் திருத்தும்படி அட்மினுக்கு ஒரு வரி எழுதிவையுங்கள்.

இரண்டாவது கட்டத்தில் முன்பு பரிந்துரைத்தவற்றின் பெயர்கள். மூன்றாவதில் நியூஸ்ஆர்சியின் ஒவ்வொரு வரியும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அப்படியே வெளியே அச்சாக வேண்டும். குழு வரியாக இருந்தால் பெயர் மட்டும் ஓர் அணியில் குறித்துக்கொள்ளப்படும். நான்காவதில் பரிந்துரைக்கும் குழு சர்வரில் இருக்கிறதா, பயனரின் கோப்பில் எந்த வடிவிலும் இல்லையா, முன்பு பரிந்துரைக்கப்படவில்லையா என்று பார்த்து, மூன்றுக்கும் ஆம் என்றால் புதிய வரி ஒன்று.

எந்த வடிவிலும் என்றதை அழுத்திச் சொல்கிறேன். ஆச்சரியக்குறியோடு இருக்கும் குழுவை முக்காற்புள்ளிக்கு மாற்றக் கூடாது. எண்களோடு ஆச்சரியக்குறி இருந்தால் படித்துப் பார்த்துவிட்டு விலகியவர். எண்களே இல்லாமல் இருந்தால் இரண்டும் சாத்தியம்: அவரே விலகியிருக்கலாம், அல்லது நியூஸ்ரீடர் முதல் முறை ஓடியபோது சர்வரின் குழுக்களை எல்லாம் அப்படி எழுதிவைத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் பயனரின் பக்கம் நில்லுங்கள். இதனால்தான் ஸ்கிரிப்டைக் கணக்குத் திறக்கும்போதே, நியூஸ்ரீடரை அவர் முதல்முறை தொடுமுன்பே, ஓட்டிவிட வேண்டும் என்கிறேன்.

முன்பு பரிந்துரைத்தவற்றின் பதிவு எதற்கு என்று கேட்கலாம். விலகிய குழுக்களின் வரிகளைக் கோப்பிலிருந்தே துடைத்துவிடும் வசதி டின், எஸ்எல்ஆர்என் இரண்டிலும் உண்டு. பயனர் அதைப் பயன்படுத்தினால் அவர் வேண்டாம் என்றதற்கான தடயமே மறைந்துவிடும். நம் ஸ்கிரிப்ட் மறுநாள் அதே குழுவைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும், அவர் மறுபடி விலகுவார், அது மறுபடி வைக்கும். ஒரு முறை பரிந்துரைத்த பெயரைத் தனிக் கோப்பில் எழுதிவைத்தால் இந்தத் தொல்லை இராது.

எழுதும் இடம். ஆக்கின் வெளியீட்டை நேராக நியூஸ்ஆர்சிக்குத் திருப்பினால் படிக்குமுன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும். எம்கேடெம்ப் மூலம் அதே டைரக்டரியில் ஒரு தற்காலிகக் கோப்பு உண்டாக்கி அதில் எழுதி, சரிபார்த்து, எம்வியால் பெயர் மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். இடையில் ஸ்கிரிப்ட் நின்றுபோனாலும் பழையது இருக்கும் அல்லது புதியது இருக்கும், அரைகுறையாக எதுவும் இராது. சரிபார்ப்பு என்றேன்: ஆக் பிழையின்றி முடிந்ததா, புதிய கோப்பின் வரிகள் பழைய வரிகளும் சேர்த்த வரிகளும் கூட்டினால் வரும் எண்ணிக்கைக்குச் சமமா. வட்டில் இடம் தீர்ந்து பாதியில் நின்றால் இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். எக்கோவால் வாலில் ஒட்டும் முறையைவிட இது மேல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோப்பின் கடைசி வரி வரிமுடிவுக் குறி இல்லாமல் நின்றிருந்தால், ஒட்டும் முதல் குழு அந்த வரியின் எண்களோடு கலந்துவிடும். ஆக் ஒவ்வொரு வரியையும் முறையாக முடித்து அச்சிடுவதால் அந்த விபத்து நேராது.

கோப்பு ஒரு சிம்பாலிக் லிங்க்காக இருக்கலாம். தங்கள் புள்ளிக் கோப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பராமரிப்பவர்கள் பலர். அப்படியென்றால் ரீட்லிங்க் மூலம் உண்மையான இடத்தைக் கண்டறிந்து அங்கேயே மாற்றுங்கள். ரூட் கணக்கிலிருந்து பிறர் ஹோம் டைரக்டரியில் எழுதுவது வேண்டாம். எஸ்யூ மூலம் அந்தப் பயனராகவே ஓட்டுங்கள். கோப்பின் உரிமையும் சரியாக இருக்கும், வேண்டுமென்றே வைத்த லிங்க் ஒன்றால் வேறு கோப்பு அழியும் ஆபத்தும் இராது.

நியூஸ்ரீடர் திறந்திருக்கும்போது ஸ்கிரிப்ட் ஓடக் கூடாது. அது கோப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டு மூடும்போது திரும்ப எழுதும். நாம் சேர்த்தது காணாமல் போகும். ஆர்என்னும் டிஆர்என்னும் ஆர்என்லாக் என்ற புள்ளிக் கோப்பை விட்டுவைக்கும், அதைப் பார்க்கலாம். மற்றவற்றுக்கு பிஜிரெப்பால் அந்தப் பயனரின் பெயரில் நியூஸ்ரீடர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் பேசாமல் விலகிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அட்மினாக இருப்பவர் மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று. ஒருவர் எந்தக் குழுக்களைப் படிக்கிறார் என்பது அவருடைய உடல்நிலையையும் நம்பிக்கையையும் அரசியலையும் சொல்லிவிடக்கூடியது. 1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிரையன் ரீட், ஆர்பிட்ரான் என்ற ஸ்கிரிப்டைப் பல தளங்களின் அட்மின்களுக்குக் கொடுத்து, பயனர்களின் நியூஸ்ஆர்சி கோப்புகளிலிருந்து எந்தக் குழுவுக்கு எத்தனை வாசகர் என்று மதிப்பிட்டு மாதந்தோறும் வெளியிட்டார். அந்த அளவீடு தொகையாகத்தான் வெளிவந்தது. ஆனால் அந்தக் கோப்பிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு அது நல்ல சான்று. எம்கேடெம்ப் உண்டாக்கும் கோப்புக்கு 600 அனுமதிதான் இருக்கும். எம்விக்குப் பிறகும் அதை அப்படியே விடுங்கள். ஸ்கிரிப்டின் பதிவேட்டில் சேர்த்த குழுக்களின் பெயரை மட்டும் எழுதுங்கள், அவர் ஏற்கெனவே வைத்திருந்தவற்றை எழுத வேண்டாம்.

சர்வர் மாற்றம் தனிக் கதை. மடலின் எண் அந்தச் சர்வர் தன் வசதிக்கு இட்ட எண். இன்னொரு சர்வரில் அதே மடலுக்கு வேறு எண் இருக்கும். உலகம் முழுவதற்கும் பொதுவானது மடலின் அடையாளக் குறி மட்டுமே, அது நியூஸ்ஆர்சியில் இல்லை. 2024 பிப்ரவரி 22ஆம் தேதியோடு கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டில் புதிய மடல்களை ஏற்பதையும் காட்டுவதையும் நிறுத்தியது. அப்படிப்பட்ட மாற்றங்களின்போது எடர்னல் செப்டம்பர் போன்ற, பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துச் சர்வர்களுக்குப் பலர் போகிறார்கள். நியூஸ்ரீடரோடு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர் பழைய கோப்பை அப்படியே கொண்டுபோனால் வம்பு. பழைய சர்வரில் 48190 வரை படித்தவர், எண்கள் 900த்தில் நிற்கும் புதிய சர்வரில் வெகுகாலத்துக்கு ஒரு மடலைக்கூடப் படிக்காததாகக் காண முடியாமல் போகலாம்.

எனவே சர்வருக்கு ஒரு கோப்பு வையுங்கள். மாறும்போது பழைய கோப்பிலிருந்து பெயரையும் அதை ஒட்டிய குறியையும் மட்டும் எடுத்து, எண்களை விட்டுவிட்டு, வரிசை மாறாமல் புதிய கோப்பு உண்டாக்குங்கள். முக்காற்புள்ளி உள்ள ஒவ்வொரு குழுவுக்கும் புதிய சர்வரின் கடைசி எண்ணிலிருந்து கழித்து மேலே சொன்னபடி தொடக்கம் அமையுங்கள். புதிய சர்வரில் இல்லாத குழுக்களின் வரிகளையும் விட்டுவையுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம்.

ஓட்டுமுன் உண்மையான கோப்பு ஒன்றின் நகலில் சோதியுங்கள். ஆப்ஷன்ஸ் வரி, ஆச்சரியக்குறி வரி, வரிமுடிவு இல்லாத கடைசி வரி மூன்றும் அந்த நகலில் இருக்கட்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் டிஃப் அடித்தால் சேர்ந்த வரிகள் மட்டுமே தெரிய வேண்டும். கடைசி வரியில் வரிமுடிவு சேர்ந்தது மட்டும் விதிவிலக்கு. உடனே இன்னொரு முறை ஓட்டினால் எதுவுமே மாறக் கூடாது. பிறகு கோப்பே இல்லாத ஒரு புதுக் கணக்கிலும், புள்ளி வரி இல்லாமல் வெட்டிய சர்வர் பட்டியலோடும் ஓட்டிப் பாருங்கள். பின்னதில் ஸ்கிரிப்ட் எதையும் எழுதாமல் பிழை எண்ணோடு வெளியேற வேண்டும்.

எல்லாம் சரியாக முடிந்த பின் பயனருக்கு ஒரு சிறு மடல் அனுப்பச் செய்யுங்கள்: இன்னின்ன குழுக்கள் சேர்க்கப்பட்டன, வேண்டாதவற்றின் மேல் நின்று யூ விசையை அழுத்தினால் விலகலாம், விலகியதை இந்த ஸ்கிரிப்ட் மறுபடி சேர்க்காது. ஆர்என், டின், எஸ்எல்ஆர்என் மூன்றிலும் விலகும் விசை அதுவே.